ஒரு மொழிக்குள் பல தரிசனங்கள்

வஞ்சி மாநகரத்தில் அளவைவாதி முதலாகப் பூதவாதி ஈறாகச் சமயக்கணக்கர் ஒவ்வொருவரையும் அணுகி, அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே மணிமேகலை கேட்டறிந்தாள் என்று சாத்தனாரின் காவியத்தில் இருபத்தேழாம் காதை சொல்கிறது. சில நூற்றாண்டுகள் கழிந்து சிவஞான சித்தியாரை இயற்றிய அருணந்தி சிவாசாரியாரும், தம் சித்தாந்தத்தை நிறுவுமுன் உலகாயதன் தொடங்கிப் பிறர் மதங்களை அவர்கள் பக்கம் நின்று எடுத்துரைத்து, அதன் பின்னரே மறுக்கும் பரபக்கத்தை முதலில் வைத்தார். பிறர் கொள்கையைப் பழுதறக் கேட்டறிவதை இவ்வாறு கல்விக்கு இலக்கணமாகவே நம் முன்னோர் வகுத்தனர். ஆயினும் ஒன்றுக்கொன்று முரண்படும் பல தரிசனங்களை ஒரே அறிவு ஒருங்கே தாங்கி வாழக் கூடுமா, கூடினாலும் அது நேர்மையாகுமா என்பதில் அவர்களுக்குள் ஒருமித்த அபிப்பிராயம் ஏற்பட்டதில்லை.

அந்தப் பழைய விவாதம் நம் காலத்தில் மீண்டும் தலையெடுத்திருக்கும் இடம் எவரும் எதிர்பாராதது. கணினிக்கு ஆணையிடுவதற்காக மனிதர் சமைக்கும் நிரல்மொழிகளைப் பற்றிய சாஸ்திரத்தில், ஒரு மொழி ஒரே நெறியைப் பற்றி நிற்பதா, பல நெறிகளைத் தன்னுள் இணைத்துக்கொள்வதா என்ற வழக்கு பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. அதன் முக்கியமான இழைகளுள் ஒன்று சிங்கப்பூரில், கென்ட் ரிட்ஜில் உள்ள தேசியப் பல்கலைக்கழகத்தில் ஓடுகிறது. நான்கு ஆட்சிமொழிகளும் அதனினும் பல சமயங்களும் ஒரு சிறு தீவில் நெருங்கி வாழும் ஊரில் இந்த விசாரம் நடைபெறுவது தற்செயலே என்றாலும், தேக்காவிலும் வாட்டர்லூ சாலையிலும் அன்றாடம் நடமாடுகிறவனுக்கு அதைத் தற்செயலென்று ஒதுக்கிவிட மனம் வருவதில்லை.

இந்த நெறிகளைத் தொழில் தந்திரங்கள் என்று எண்ணிக் கடந்துபோவோர் உண்டு. கூர்ந்து நோக்கினால், ஒவ்வொன்றும் உலகம் எத்தகையது என்பதைப் பற்றிய ஒரு தரிசனமாகவே இருக்கக் காண்கிறோம். ஃபங்ஷனல் நெறியில் மாற்றம் என்பதே கிடையாது. ஒரு பெயர் ஒரு பொருளைச் சுட்டினால் என்றென்றும் அதையே சுட்டும். ஒரு கணக்குக்கு இன்று வந்த விடையே நாளையும் வரும். காலம் அங்கே நுழைவதில்லை. ஆணைநெறியிலோ எல்லாம் காலத்துக்கு உட்பட்டது. ஒரு பெட்டியில் உள்ளதை எடுத்து வேறொன்றை வைக்கலாம், வைத்த பின் பழையது இல்லை. ஆப்ஜெக்ட் நெறியில் உலகம் தனித்தனி ஜீவர்களால் ஆனது. ஒவ்வொன்றும் தன் நிலையைத் தன்னுள்ளே மறைத்து வைத்துக்கொண்டு, பிறிதொன்று செய்தி அனுப்பினால் மட்டும் பதில் தருகிறது. லாஜிக் நெறியும் அதன் வழித்தோன்றலான கட்டுப்பாட்டு நெறியும் ஒரு காரியத்தை எப்படிச் செய்வது என்று சொல்வதே இல்லை. எது மெய்யாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு, அதற்கு இணங்கும் விடையைத் தேடும் பொறுப்பை இயந்திரத்திடம் விட்டுவிடுகின்றன.

கடைசியாகச் சொன்ன வேறுபாட்டை விளக்கச் சிங்கப்பூர்க்காரருக்கு ஓர் உதாரணம் கைவசம் இருக்கிறது. 2015-இல் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங், தாம் முன்னர் சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதியிருந்த சுடோக்கு தீர்க்கும் நிரலைப் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட்டார். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றவர் எழுதியது ஆதலால் அது செப்பமான நிரல்: 81 கட்டங்களில் மிகக் குறைந்த வாய்ப்புகள் எஞ்சியிருக்கும் கட்டத்தைத் தேர்ந்து, ஓர் எண்ணை இட்டுப் பார்த்து, பொருந்தாவிடில் வந்த வழியே பின்வாங்கி வேறோர் எண்ணை இடுகிறது. அவ்வாறு முன்னேறுவதும் பின்வாங்குவதும் எப்படி என்பதை ஒவ்வோர் அடியாக அவரே எழுத வேண்டியிருந்தது. அதே புதிரைக் கட்டுப்பாட்டு நெறியில் எழுதுகிறவர், ஒவ்வொரு கிடைவரிசையிலும் ஒவ்வொரு நெடுவரிசையிலும் ஒவ்வொரு சிறு சதுரத்திலும் எண்கள் வேறுவேறாக இருக்க வேண்டும் என்று விதித்துவிட்டு அமைதியாக உட்கார்ந்துவிடலாம். ஒரு பிரதமர் முதல் வழியை விரும்பியது எனக்கு வியப்பளிக்கவில்லை என்பதை இடையே சொல்லிவைக்கிறேன்.

தாமஸ் கூன் என்ற அறிவியல் வரலாற்றாசிரியர் 1962-இல் வெளியிட்ட நூலில், விஞ்ஞானத்தில் ஒரு பெருநெறி வீழ்ந்து மற்றொன்று எழுவதை மதமாற்றத்துக்கு ஒப்பிட்டார். பழைய நெறியில் நிற்பவரும் புதிய நெறிக்குப் போனவரும் ஒரே உலகத்தைப் பார்ப்பதில்லை, ஆகவே இருவருக்கும் பொதுவான துலாக்கோல் கிடைப்பதும் அரிது என்பது அவர் கருத்து. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1978-இல், ராபர்ட் ஃபிளாய்ட் டூரிங் விருது பெற்று நிகழ்த்திய உரையில் கூனின் கருத்தை நிரலாக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஆனால் கொண்டுவரும்போதே அதன் கூர்மையை மழுக்கிவிட்டார். ஃபிளாய்டுக்கு நெறிகள் ஒன்றையொன்று அழித்தெழுபவை அல்ல. நல்ல நிரலாளர் பலவற்றைக் கற்றுத் தன் கையிருப்பைப் பெருக்கிக்கொள்ள வேண்டும், மொழியும் அதற்கு இடம் தர வேண்டும் என்பதே அவர் உபதேசம். மதமாற்றம் என்று ஒருவர் கண்டதைப் பன்மொழிப் புலமை என்று மற்றவர் கண்டார். இவ்விருவருள் யார் சொன்னது சரி என்ற கேள்விதான், நம் சமயவாதிகளின் கேள்வியோடு இந்தச் சாஸ்திரத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

உலகம் நடைமுறையில் ஃபிளாய்டின் வழியையே பின்பற்றியது. பின்பற்றிய விதம்தான் அவ்வளவு சிலாக்கியமானதல்ல. இன்று எந்த வலைப்பக்கத்தைத் திறந்தாலும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் பிறப்பையே பாருங்கள். 1995-ஆம் ஆண்டு மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்துக்காகப் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாட்களில் அதன் முதல் வடிவத்தை எழுதினார். ஸ்கீம் என்னும் ஃபங்ஷனல் மொழியின் உள்ளத்தை அதில் வைத்தார். செல்ஃப் என்னும் மொழியிலிருந்து ஆப்ஜெக்ட் முறையை எடுத்தார். அக்காலத்தில் சந்தையில் பெயர் பெற்றிருந்த ஜாவாவின் வெளித்தோற்றத்தை மேலாளர்கள் விரும்பியபடி அதற்குப் போர்த்தினார். மூன்று மரபுகள் ஒரு மொழிக்குள் வந்துவிட்டன. ஒன்றின் விதி மற்றொன்றின் விதியோடு மோதினால் என்ன செய்வது என்று யோசிக்க அவகாசம் இல்லை. பன்னெறி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மொழிகள் பலவும் ஏறத்தாழ இவ்விதமே வளர்ந்தவை.

இந்தக் கூட்டுமொழியைத்தான் கென்ட் ரிட்ஜில் 2012 முதல் முதலாண்டு மாணவர்களுக்கு ஓர் அரிய நூலைப் போதிக்கும் கருவியாக்கினார்கள். ஆபெல்சன், சஸ்மன் என்ற எம்.ஐ.டி. பேராசிரியர் இருவர் ஸ்கீம் மொழியைக் கொண்டு எழுதி, 1985-இல் முதற்பதிப்பும் 1996-இல் இரண்டாம் பதிப்பும் கண்ட நிரலாக்க நூல் அது. அதனை ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற்றியமைத்தவர்களுள் முதல்வர் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தின் மார்டின் ஹென்ஸ். சுவீடனின் டோபியாஸ் ரிக்ஸ்டாடோடு சேர்ந்து அவர் செய்த பதிப்பு 2022-இல் வெளிவந்தது. அதற்காக அவர்கள் வகுத்த உபாயம் என் கவனத்தை ஈர்த்தது. மாணவனிடம் ஜாவாஸ்கிரிப்ட் முழுவதையும் கொடுப்பதில்லை. ‘சோர்ஸ்’ என்ற பெயரில் அம்மொழியை நான்கு படிகளாகத் தறித்து, முதற்படியில் பெயரிடுதல், ஃபங்ஷன், நிபந்தனை ஆகிய சிலவற்றை மட்டும் விட்டுவைக்கிறார்கள். இரண்டாம் படியில் பட்டியல்கள் சேர்கின்றன. ஒரு பெயரின் மதிப்பை மாற்றும் உரிமை மூன்றாம் படியில்தான் கிட்டுகிறது. அதற்கு முன் அந்த உரிமையைப் பயன்படுத்த முயன்றால் இயந்திரம் ஏற்க மறுக்கிறது. மொழியில் இருப்பதை எல்லாம் பயன்படுத்த வேண்டுவதில்லை என்ற விரதத்தை அவர்கள் இவ்வாறு சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள்.

மாற்றத்தை அனுமதிக்க ஏன் இவ்வளவு தயக்கம் என்பதற்கு அந்நூலின் மூன்றாம் அத்தியாயத்தில் வங்கிக் கணக்கைக் கொண்டு விடை சொல்கிறார்கள். அதை நம் ஊர் வழக்கில் எடுத்துச் சொல்லலாம். கணக்கில் 100 வெள்ளி இருக்கிறது. ‘25 வெள்ளி எடு’ என்று ஆணையிட்டால் மீதி 75 என்று விடை வருகிறது. அதே ஆணையை எழுத்துப் பிசகாமல் மறுபடியும் இட்டால் 50 என்று வருகிறது. அதுவரை பயின்ற ஃபங்ஷனல் உலகில் ஒரே கேள்விக்கு இரண்டு விடை என்பது நினைத்துப் பார்க்கவும் முடியாத குற்றம். இங்கே அதுவே வங்கியின் தர்மம். இந்த வசதிக்குக் கொடுக்கும் விலை சிறிதன்று. சமமானதற்குச் சமமானதை ஈடாக வைத்துக் கணக்கை நடத்தும் சுதந்திரம் அந்தக் கணத்திலேயே போய்விடுகிறது; இரண்டு கணக்குகளிலும் 50 வெள்ளி இருக்கிறது என்றால் அவை ஒரே கணக்கா, வேறு வேறா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாமல், ஒன்றில் பணம் எடுத்து மற்றொன்று குறைகிறதா என்று சோதித்தாக வேண்டியிருக்கிறது. நித்தியப் பொருளுக்கு இந்தச் சந்தேகமே எழாது. விகாரமடையும் பொருளுக்குத்தான் ‘அதுவேதான் இது’ என்ற நிர்ணயம் பெரும்பாடாகிறது. இதைக் குறித்து வேதாந்திகளும் பௌத்தர்களும் நூற்றாண்டுக் கணக்கில் வழக்காடியிருக்கிறார்கள். நிரலாளன் ஒரே வாரத்தில் அதை நேரில் கண்டுகொள்கிறான்.

பல நெறிகளை ஒரு மொழிக்குள் இணைக்கும் விஷயத்துக்கு ஹென்ஸ் புதியவர் அல்லர். அவர் ஜெர்மனியின் சார்பிரூக்கனில் 1997-இல் எழுதிய ஆய்வேடு, ஆஸ் என்னும் நிரல்மொழியில் ஆப்ஜெக்ட்டுகள் எவ்வாறு அமைகின்றன என்பது பற்றியது. கெர்ட் ஸ்மோல்கா என்பவரின் குழு 1991-இல் தொடங்கிப் பின்னர் சுவீடனும் பெல்ஜியமும் சேர்ந்து வளர்த்த அந்த ஆஸ் மொழியே, பல நெறிகளைச் சமன்வயம் செய்ய நடந்த முயற்சிகளுள் மிகவும் ஆழமானது என்பது என் எண்ணம். பீட்டர் வான் ராய், சைஃப் ஹரிதி இருவரும் அதனை ஆதாரமாகக் கொண்டு 2004-இல் வெளியிட்ட தொள்ளாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட நூல், நெறிகளை ஒன்றோடொன்று போட்டியிடும் கட்சிகளாகக் காட்டவில்லை. மிகச் சிறிய ஒரு மூலமொழியை முதலில் வைத்து, அதன்மேல் ஒரு சமயத்தில் ஒரே ஒரு கருத்தைச் சேர்த்துக்கொண்டு போனால், நாம் நெறிகள் என்று பெயரிட்டு வழங்குபவை வழியில் ஒவ்வொன்றாய்த் தாமே தோன்றுகின்றன என்று காட்டிற்று. எப்போது சேர்ப்பது என்பதற்கும் அவர்களிடம் ஒரு நியமம் உண்டு. தீர்க்க எடுத்துக்கொண்ட பிரச்சினைக்குச் சம்பந்தமில்லாத காரணத்தால் நிரல் எங்கும் சிக்கல் பரவுமானால், மொழியில் ஏதோ ஒரு கருத்து குறைகிறது என்று உணர்ந்து, அந்த ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். சேர்த்தபின்னும், எளிய படியில் முடியும் காரியத்துக்கு மேற்படியை நாடக் கூடாது.

இதைப் படித்தபோது, அறிவைத் தரும் வாயில்கள் எவை என்று ஆராயும் நம் பிரமாண சாஸ்திரத்தின் படிவரிசை என் நினைவுக்கு வந்தது. சார்வாகர் காட்சி ஒன்றையே பிரமாணமாகக் கொண்டனர். வைசேஷிகரும் பௌத்தரும் அனுமானத்தைச் சேர்த்து இரண்டு என்றனர். சாங்கியர் ஆப்தவாக்கியத்தையும் கூட்டி மூன்றாக்கினர். நையாயிகர் உவமானத்தோடு நான்கு. பிராபாகரர் அர்த்தாபத்தியோடு ஐந்து. பாட்டர் இன்மையை அறியும் அனுபலப்தியையும் ஏற்று ஆறு என்றனர். ஒவ்வொரு படியிலும் வாதம் ஒரே வடிவில் நடந்தது. ‘புதிதாக ஒன்று எதற்கு, உள்ளவற்றுக்குள்ளேயே இதை அடக்கிவிடலாமே’ என்று ஒருவர் லாகவத்தை வற்புறுத்துவார். ‘அப்படி அடக்கப் புகுந்தால் ஒவ்வோர் இடத்திலும் கோணல் வழியாகச் சுற்ற வேண்டியிருக்கிறதே’ என்று மற்றவர் மறுப்பார். மேசைமேல் குடம் இல்லை என்பதை எந்தக் கண்ணால் கண்டோம் என்று கேட்டுப் பாட்டர் ஆறாவது பிரமாணத்தைச் சேர்த்தாரே, அந்தக் கேள்வியின் சாயலே ஆஸ் மொழியாரின் நியமத்திலும் தென்படுகிறது. இங்கே பன்மை என்பது தாராள மனத்தால் வந்ததன்று; அவசியத்தால், ஒவ்வொன்றாக, எதிர்வாதத்தைத் தாண்டி வந்தது.

எல்லாச் சேர்க்கையும் ஒரே தன்மையுடையதன்று என்பது ஆஸ் மொழியிலிருந்து கிடைக்கும் இரண்டாவது பாடம்; சமய சமரசம் பேசுவோர் பெரும்பாலும் கவனியாதுவிடுவதும் இதுவே. மாற்றமற்ற ஃபங்ஷனல் உலகில், ஒரே காலத்தில் பல காரியங்கள் இணையாக நடக்கும் வசதியைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஒரு காரியத்துக்கு வேண்டிய மதிப்பு இன்னும் வந்து சேரவில்லையெனில் அது காத்திருக்கிறது. எது முந்தினாலும் எது பிந்தினாலும் இறுதி விடை ஒன்றேயாக அமைகிறது. இச்சேர்க்கையால் எந்த நிச்சயமும் கெடவில்லை. இனி அதே இணைநடப்போடு மாறும் பெட்டியையும் சேர்த்தால் நிலைமை தலைகீழாகிறது. அண்ணனும் தம்பியும் கூட்டாக வைத்திருக்கும் கணக்கில் 100 வெள்ளி. அண்ணன் தேக்காவில் 10 வெள்ளியும் தம்பி உட்லண்ட்ஸில் 25 வெள்ளியும் ஒரே நொடியில் எடுக்கிறார்கள். இரண்டு இயந்திரங்களும் ‘இருப்பு 100’ என்று முதலில் படித்துக்கொண்டுவிட்டால், ஒன்று 90 என்றும் மற்றொன்று 75 என்றும் எழுதும். கடைசியில் எழுதியது எதுவோ அதுவே நிற்கும். 65 ஆக வேண்டிய இருப்பு 90 ஆகலாம், 75 ஆகலாம், ஒன்று எழுதி முடித்த பின்னரே மற்றொன்று படித்திருந்தால் 65-ஏகூட ஆகலாம். ஒரு பொருளைப் பற்றி உண்டு என்றும் இல்லை என்றும் சேர்த்துச் சொன்னால் நிச்சய ஞானமே பிறவாது, நிச்சயமின்றி எவனும் ஒரு காரியத்தில் இறங்கவும் மாட்டான் என்று ஜைனரின் அநேகாந்த வாதத்தைச் சங்கரர் பிரம்மசூத்திர பாஷ்யத்தில் கண்டித்தது ஜைனருக்கு நியாயம் செய்ததா என்பது வேறு விவகாரம். இந்த வங்கிக் கணக்குக்கு அந்தக் கண்டனம் அப்படியே பொருந்துகிறது. தனித்தனியே தீங்கற்ற இரண்டு கருத்துகள் சேர்ந்த மாத்திரத்தில் தீங்காகின்றன. ஆகவே எத்தனை சேர்ந்தன என்று எண்ணுவதால் பயனில்லை. எது எதனோடு சேர்ந்தது, சேர்ந்தபோது முன்பிருந்த எந்த நிச்சயம் போயிற்று என்று கேட்க வேண்டும்.

சேர்க்கை பயன் தரும் இடங்களும் உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒன்பது ஆடிய கூடைப்பந்துத் தொடருக்கு அட்டவணை வகுக்கும் கணக்கை நெம்ஹவுசர், டிரிக் என்ற இருவர் தீர்த்தபோது ஒரு நாள் முழுவதும் கணினி ஓட வேண்டியிருந்தது; அதையே ஹென்ஸ் சிங்கப்பூரிலிருந்து கட்டுப்பாட்டு நெறியால் ஒரு நிமிடத்துக்குள் முடித்தார். இவ்வகை அட்டவணைகளுக்காக அவர் ஆஸ் மொழியில் ஒரு கருவியையும் ஆக்கினார். விதிப்பது ஒரு நெறி, தேடுவது மற்றொரு நெறி, திரையில் மனிதனோடு உரையாடுவது வேறொரு நெறி. ஒவ்வொன்றும் தன் அதிகாரத்துக்கு உட்பட்ட வேலையைச் செய்தது.

இதே ஒழுங்கைச் சமயத்தில் காண வாட்டர்லூ சாலைக்கு வருகிறேன். 1870-இல் அனுமன் பீம் சிங் என்பவர் ஓர் ஆலமரத்தடியில் தொடங்கிய கிருஷ்ணன் கோயிலும், 1884-இல் தோன்றிய குவான் இம் தோங் ஹூட் சோ கோயிலும் அங்கே அருகருகே நிற்கின்றன. சிறிது தூரத்தில் 1878-ஆம் ஆண்டின் யூத ஜெபாலயமும் இருக்கிறது. குவான் இம் தேவியை வணங்கிவிட்டு வரும் சீனர்கள், அடுத்த வாசலில் நின்று கண்ணனுக்கும் ஊதுபத்தி ஏந்தி மும்முறை தாழ்ந்து வணங்குவதை எந்நாளும் காணலாம். அவர்களுக்காகக் கிருஷ்ணன் கோயிலின் முன்னே ஊதுபத்தி செருகும் கலசம் வைத்திருக்கிறார்கள். கலசத்தின் இடம் கவனிக்கத்தக்கது: அது வாசலில் இருக்கிறது, கர்ப்பக்கிருகத்தில் நடக்கும் அர்ச்சனையும் தீபாராதனையும் அதனால் ஒரு சிறிதும் மாறவில்லை. புதிதாக வந்த வழிபாடு முன்பிருந்த வழிபாட்டின் எந்த நியமத்தையும் குலைக்காத இடத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. லோயாங் துவா பெக் கோங் கோயிலில் தாவோ மூர்த்திகளும் புத்தரும் பிள்ளையாரும் கெராமாத் என்னும் மலாய்ப் புனிதத் தலம் ஒன்றும் ஒரே வளாகத்தில் அமைந்திருந்தாலும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சன்னிதி உண்டு. இவற்றைத் தொடங்கியவர்களும் வழிபடுபவர்களும் ஆஸ் மொழியைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். சமயக் கூட்டங்களில் ‘எல்லாச் சமயங்களும் ஒன்றையே சொல்கின்றன’ என்று முழங்கும் பிரசங்கிகளைக் காட்டிலும் அவர்கள் விஷயத்தை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லாம் ஒன்றையே சொல்வது மெய்யானால், ஒன்றிருக்க இன்னொன்றைச் சேர்க்க வேண்டிய அவசியமே இல்லை.

இங்கே சைவ சித்தாந்தத்தின் சமன்வயத்தையும் ஒரு வார்த்தை சொல்லாமல் விடுவதற்கில்லை. புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என்று சமயங்களை அடுக்கி, பிற சமயங்கள் அனைத்தும் படிகளாய் அமையச் சித்தாந்தம் உச்சியில் நிற்பதாகக் கொண்ட அவ்வமைப்பு, யாரையும் வெறும் பொய்யர் என்று தள்ளாத பெருந்தன்மை உடையது. ஆனால் ஏறியவன் கீழே இறங்க வேண்டுவதில்லை என்பதும் அதற்குள் அடங்கியிருக்கிறது. ஆஸ் மொழியின் அடுக்கு இதற்கு நேர்மாறான ஒழுக்கத்தைக் கோருகிறது. மேற்படியில் வல்லமை மிகுதி, அங்கே செய்ய முடியாதது ஒன்றுமில்லை. ஆனால் அந்த அளவுக்கு அங்கே எழுதியது சரியா என்று நிரூபிப்பதும் கடினமாகிறது. ஆகவே மேலே ஏறத் தெரிந்தவனே, காரியம் முடியும் மட்டும் கீழ்ப்படியில் நிற்கக் கடமைப்பட்டவன் ஆகிறான். என் அபிப்பிராயத்தில், பல தரிசனங்களை ஏற்கிறேன் என்று சொல்லும் மனிதனிடம் நாம் கேட்க வேண்டியதும் இதுதான்: எந்தக் காரியத்துக்கு எந்தப் படியில் நிற்கிறாய், ஏறியபோது எதை இழந்தாய்? மாற்றமற்ற பிரம்மத்தைக் காலையில் பேசி, மாலையில் கோரிக்கைக்கு இரங்கும் தெய்வத்திடம் நேர்த்திக்கடன் செலுத்துகிறவனை நான் பரிகசிக்க மாட்டேன். இரண்டுக்கும் வேறுபாடே இல்லை என்று அவன் சாதிக்கத் தொடங்கினால் மட்டும் அவனோடு வாதாடுவேன்.

ஆபெல்சனும் சஸ்மனும் தம் மூன்றாம் அத்தியாயத்தின் இறுதியில் இந்த இடத்துக்கே வந்து சேர்கிறார்கள். தனித்தனியாய், காலத்துக்கு உட்பட்டு, ஒன்றோடொன்று ஊடாடும் பொருள்களின் கூட்டமாக உலகைச் சித்திரிக்கலாம். காலமும் விகாரமும் அற்ற ஒரே முழுமையாகவும் சித்திரிக்கலாம். இரண்டுக்கும் தனித்தனிச் சிறப்பு உண்டு, இரண்டில் எதுவும் தனித்து நிறைவு தருவதில்லை, இரண்டையும் முற்றாக ஒன்றுசேர்க்கும் பெருங்கொள்கை இன்னும் பிறக்கவில்லை என்பது அவர்கள் தீர்ப்பு. ஸ்கீம் மொழியில் எழுதிய அந்த நூலின் நிரல்களை எல்லாம் ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற்றி எழுதிய சிங்கப்பூர்ப் பதிப்பில், ஆப்ஜெக்ட்டுகளை ஆஸ் மொழிக்குள் இசைவிப்பதையே ஆய்வாகச் செய்தவரின் கை பட்ட பிறகும், அந்தத் தீர்ப்பு இருந்தபடியே இருக்கிறது.